கேட்டுவிட்டு எடுப்பதா, எடுத்துவிட்டுக் கேட்பதா?

கேள்வி: மயிலாப்பூர் மாட வீதியில் பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவைப் படம் எடுத்தேன். "கேக்காம எதுக்குப்பா எடுக்கற?" என்று சத்தம் போட்டுவிட்டார். கேட்டாலோ எல்லாரும் விறைப்பாக போஸ் கொடுக்கிறார்கள். என்னதான் செய்வது?

பதில்: அந்த அம்மா கேட்டதில் தப்பில்லை. அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்தை எடுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒருவரது முகம்தான் படமே என்றால் கேட்டாக வேண்டும்.

கேட்பதற்கும் நேரம் உண்டு. வியாபாரம் மும்முரமாக இருக்கும்போது போகாதீர்கள். கேமரா கழுத்தில் தொங்கட்டும், கண்ணில் வைத்துக்கொண்டு பேச வேண்டாம். "அக்கா, நீங்க கட்டுற வேகத்துக்கு என் கண்ணே ஓடலை. ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று காரணத்தோடு கேளுங்கள். சரி என்றால் முதல் இரண்டு படம் விறைப்பாகத்தான் வரும். முந்தானையைச் சரிசெய்வார், கேமராவையே பார்ப்பார். எடுத்துக் காட்டிவிட்டு அங்கேயே நில்லுங்கள். யாராவது வந்து "முழம் எவ்வளவு?" என்று கேட்டதும் உங்களை மறந்துவிடுவார். கை நாரைச் சுழற்றும், வாய் பேரம் பேசும். நீங்கள் தேடிய படம் அதுதான்.

அந்தக் கணம் தப்பிவிடும் என்று தோன்றினால் எடுத்துவிட்டு, உடனே போய்க் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். எதிர்ச்சாரியில் நின்று ஜூம் லென்ஸில் இழுப்பது எனக்குப் பிடிக்காது. நானும் ஆரம்பத்தில் அப்படிச் செய்து, காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். தூரத்தை இழுக்காத 35 மி.மீ. லென்ஸோடு போனால் பக்கத்தில் போய்ப் பேசியே தீர வேண்டும்.

சட்டம்? பொது இடத்தில் படமெடுப்பதைப் பொதுவாகத் தடுக்கும் தனிச்சட்டம் இங்கே இல்லை. ஆனால் பெண்ணின் அந்தரங்கத்தைச் சம்மதமில்லாமல் படமெடுப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. குழந்தை என்றால் பெற்றோரைக் கேளுங்கள். குழந்தை சிரித்தது சம்மதமாகாது. எடுக்க விட்டவர் இன்ஸ்டாகிராமில் போடவும் விட்டதாக அர்த்தமில்லை, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். விளம்பரத்துக்கு என்றால் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், அந்தப் பூக்கார அம்மாவிடம் இந்த வாரமே ஒரு தடவை கேமரா இல்லாமல் போய் இரண்டு முழம் மல்லிகை வாங்குங்கள். அன்று எடுத்த படத்தை அழித்துவிட்டு, அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை எடுக்க விட்டாரென்றால், மறக்காமல் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுங்கள்.