பாஸ்பரஸை எண்ணிச் செலவழிக்கும் உயிர்

கேள்வி: சத்து குறைந்த நடுக்கடலில் புரோக்ளோரோகாக்கஸ் என்ற ஒளிச்சேர்க்கை பாக்டீரியா எப்படிப் பெருகுகிறது?

பதில்: வரவு கூடுவதற்கு வழியில்லாததால் செலவைக் குறைத்துக்கொண்டது. அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் மேல்மட்டத்து நீரில் பாஸ்பேட் (பாஸ்பரஸ் கிடைக்கும் உப்பு வடிவம்) பெரும்பாலும் 10 நானோமோலாருக்கும் கீழே, அதாவது மிகமிகக் குறைவு. சாதாரணமாக உயிரணுச் சவ்வு பாஸ்பரஸ் கொண்ட கொழுப்பால் ஆனது. புரோக்ளோரோகாக்கஸ் அதற்குப் பதிலாகக் கந்தகம் கொண்ட கொழுப்பை வைத்துக் கட்டுகிறது. கடல்நீரில் கந்தகம் தரும் சல்பேட்டுக்கு என்றுமே பஞ்சம் கிடையாது. டி.என்.ஏ.விலும் சிக்கனம்தான். டி.என்.ஏ. ஏணியின் ஒவ்வொரு படிக்கும், அதாவது கார இணைக்கும், இரண்டு பாஸ்பரஸ் அணு வேண்டும். புரோக்ளோரோகாக்கஸில் எம்.இ.டி.4 என்ற வகையிடம் இருப்பது சுமார் 16.6 லட்சம் இணைகள், அதாவது 33 லட்சம் அணுக்கள். ஈ.கோலை பாக்டீரியாவுக்கோ 90 லட்சத்துக்கு மேல் தேவை. அளவே 0.6 மைக்ரான் இருக்கும் உயிரில் இந்த மிச்சம் மிகப் பெரிது.

கேள்வி: அப்படியானால் எல்லாக் கடலிலும் ஒரே மரபணுக்கள்தானா?

பதில்: இல்லை. ஒளிச்சேர்க்கை போன்ற அடிப்படை வேலைக்கான மரபணுக்கள் பொது. மற்றவை இடத்துக்கு இடம் மாறும். கரிமச் சேர்மங்களிலிருந்து பாஸ்பரஸைப் பிரித்தெடுக்கும் மரபணுக்கள் சர்காசோவில் மிகுதி. பாஸ்பேட் சற்று தாராளமான ஹவாய்ப் பக்கத்துப் பசிபிக்கில் அரிது. நைட்ரஜனிலும் இதே கதை. நைட்ரேட்டை அம்மோனியமாக்க எட்டு எலெக்ட்ரான்களும், இரும்பும் மாலிப்டினமும் கொண்ட நொதிகளும் வேண்டும். பல வகைகள் அந்த வழியையே விட்டுவிட்டு அம்மோனியம், யூரியாவோடு நிற்கின்றன. எந்த வகையும் நைட்ரேட்டைத் தொடாது என்று முன்பு நினைத்தது தவறு. சில இன்னும் பயன்படுத்துகின்றன.

கேள்வி: ஆய்வகத்தில் வளர்த்தால் திடீரென இறந்துவிடுகிறது. ஏன்?

பதில்: முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தேகியுங்கள். அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி இதனிடம் இல்லை; கடலில் அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்கள் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. ஹெப்பீஸ் போன்ற தாங்கல்கள் (அமில-கார நிலையை மாறாமல் வைப்பவை) கலந்த வளர்ப்பு ஊடகம் வெளிச்சத்தில் பெராக்சைடை உண்டாக்கும், அவற்றைத் தவிருங்கள். தூய வளர்ப்பை (வேறு பாக்டீரியா கலக்காதது) புது ஊடகத்துக்கு மாற்றும்போது மிகவும் நீர்க்கவிடாதீர்கள். சில துளிகளுக்குப் பதில் பத்தில் ஒரு பங்காவது இடுங்கள். பழக்கமான புரோ99 ஊடகத்தில் அம்மோனியம் 800, பாஸ்பேட் 50 மைக்ரோமோலார். பாஸ்பேட் பஞ்சத்தைச் சோதிக்க நினைத்தால் பாஸ்பேட்டை மட்டும் குறைக்க வேண்டும். பாத்திரத்தைச் சோப்புத்தூளால் கழுவாதீர்கள். சோப்புத்தூளில் பாஸ்பேட் இருந்தால் அது பாத்திரத்தில் ஒட்டிச் சோதனையைக் கெடுத்துவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, தூய நீரில் பலமுறை அலசுங்கள்.