கடைத்தெரு கேள்வி பதில்: மளிகைக்கடைகள் எங்கே போயின?

அக்கா, நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிப் பூச்சோங் வந்துவிட்டேன். போன மாதம் அம்மாவோடு துன் சம்பந்தன் சாலையில் நடந்தபோது மனசே கேட்கவில்லை. திரும்பிய பக்கமெல்லாம் சேலைக்கடை, பலகாரக்கடை, சாப்பாட்டுக்கடை. நாங்கள் அரிசி பருப்பு வாங்கிய கடைகளைக் காணோம். 'லிட்டில் இந்தியா' என்று வளைவு கட்டி வண்ணம் பூசியதால் வாடகை ஏறி அவர்கள் போய்விட்டார்களா?
– வாசகி, பூச்சோங்

தங்கச்சி, பழி முழுவதையும் வளைவின்மேல் போட முடியாது. லிட்டில் இந்தியா திறப்பு விழா 2010 அக்டோபரில் நடந்தது; இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்திருந்தார். தோரண வாயிலை 2015 நவம்பரில் மோடி வந்து திறந்துவைத்தார். அந்த மளிகைக்கடைகளுக்கு இதற்கெல்லாம் முன்பே இளைப்பு வந்துவிட்டது. அந்தச் சாலையின் கடைகளுக்குக் கணக்கு எழுதியே என் பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் நான். ஒரு கடை படுக்கப் போகிறது என்பது கடைக்காரர் வாய்விட்டுச் சொல்வதற்கு வெகு நாள் முன்பே கணக்கில் தெரிந்துவிடும்.

உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும். பெட்டியடிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய, கடன் கணக்கு எழுதும் 555 புத்தகங்கள் அடுக்கியிருக்கும். உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் புத்தகம், வீட்டுக்கு ஒன்று. அட்டையில் ஆள் பெயர் இருக்காது. 'நர்ஸம்மா வீடு', 'ஃபயர்மேன்', 'மூணாம் வரிசை கடைசி' என்று கடைக்காரர் கையெழுத்தில் இருக்கும். உள்ளே பென்சிலில் பால்டின் 2, வெங்காயம் 1 கிலோ, கடலைப்பருப்பு அரைக் கிலோ, பிள்ளை கேட்ட மிட்டாய் 20 காசு. சம்பளம் போட்ட அன்று வீட்டுக்காரர் வந்து பாக்கியைக் கொடுப்பார், கடைக்காரர் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். மறுநாளே புதுப் பக்கம். இந்த வியாபாரத்தில் லாபம் குறைவு, ஆனால் மாதத்துக்கு மாதம் ஏற்ற இறக்கமே இருக்காது. கடை வாடகை, பையன் சம்பளம், மொத்த வியாபாரிக்குத் தவணை எல்லாம் அந்தக் கோடுகளை நம்பித்தான் ஓடின.

அந்தப் புத்தகங்களில் பாதிக்குமேல் ரயில்வேக்காரர்கள், அரசாங்க ஊழியர்கள் வீட்டுப் புத்தகங்கள். ரொசாரியோ சாலையிலும் சான் ஆ தோங் சாலையிலும் 1905-ல் கட்டிய குவார்ட்டர்ஸ் இருந்ததல்லவா, 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்போமே, அந்த வரிசை வீடுகள்தான் கடைத்தெருவின் வயிறு. பக்கத்திலிருந்த 72 ஏக்கர் ரயில்வே யார்டில்தான் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் எழும்பியது, 2001 ஏப்ரலில் திறந்தார்கள். யார்டு வேலை அங்கிருந்து போனது, ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள், பிள்ளைகள் உங்களைப் போலப் பூச்சோங், ரவாங், காஜாங், கிள்ளான் என்று வீடு வாங்கிப் போனார்கள். கடைசியில் குவார்ட்டர்ஸே காலியானது.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாதபடி 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்து வைத்திருந்தது. 1997-ல் அதை ரத்து செய்தார்கள். கொடுத்த அவகாசம் 1999 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. பழைய கடைவீடுகளில் நூற்றுக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். பினாங்கு ஜார்ஜ்டவுனில் இந்த அடி இன்னும் பலம். அங்கே மாடியில் குடியிருந்தவர்களும் போனார்கள், கீழே கடை வைத்திருந்தவர்களும் போனார்கள். இங்கே வாடிக்கையாளர் வெளியேறியதும் வாடகைக் கட்டு அவிழ்ந்ததும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. ஒன்று மட்டும் வந்திருந்தால் சிலர் தாக்குப்பிடித்திருப்பார்கள் என்பது என் திடமான எண்ணம்.

அதற்குப் பிறகு கணக்கின் உருவமே மாறிவிட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மலைபோல் விற்பனை, பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் கொஞ்சம், மற்ற மாதங்கள் தரை தட்டிக் கிடக்கும். வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு வரும் வாடிக்கையாளரிடம் சேலை விற்கலாம், நகை விற்கலாம், முறுக்கு விற்கலாம். அரிசி விற்க முடியாது. அரிசியை அவர் பூச்சோங்கில் பேரங்காடியிலேயே வாங்கிவிடுகிறார். நீங்களும் அப்படித்தானே, தங்கச்சி? குற்றமாகச் சொல்லவில்லை. வீடு எங்கேயோ, மளிகையும் அங்கேதான்.

இன்னும் அன்றாட வியாபாரம் செய்கிறவர்கள் யாரென்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பூக்கடைக்காரர்கள் இருக்கிறார்கள். கேமரன் மலைச் செவ்வந்தியைப் பிரித்து, வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே முழம் முழமாகக் கட்டுகிறார்கள். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்குப் போகிறவரும், வண்டியில் சாமி படம் வைத்திருப்பவரும் வாரந்தவறாமல் வாங்குகிறார்கள். பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்களும் இருக்கின்றன. பார்வையற்றோர் சங்கம் அங்கேயே இருப்பதால் அந்தத் தொழில் அங்கே வேர்விட்டது. வாடிக்கையாளருக்குத் திரும்பத் திரும்ப வரக் காரணம் இருந்தால் கடை நிற்கிறது.

வளைவும் நீரூற்றும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சுற்றுலாக்காரர் வந்தால் நாலு பேர் பிழைப்பார்கள். ஆனால் சுற்றிலும் எழும்பும் உயரமான கொண்டோக்களில் பிள்ளைகுட்டியோடு ஒரு சாதாரணக் குடும்பம் கட்டுப்படியாகிற வாடகையில் குடியிருக்க வழி செய்யாமல், கடைத்தெருவை மட்டும் அழகுபடுத்தினால் எனக்கு மனம் ஆறாது. மாநகர் மன்றத்தின் திட்ட வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போதெல்லாம் நான் எழுதிப் போடுவது இந்த ஒன்றைத்தான். நீங்களும் எழுதுங்கள், குடியிருந்தவர் சொல்லுக்கு எடை உண்டு.

அக்கா, பல வருடமாகத் தையல்கடை நடத்துகிறேன். கட்டடத்தை முதலாளி விற்றுவிட்டார். புது முதலாளி இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்கிறார், இல்லையென்றால் பூட்டுப் போடுவேன் என்கிறார். என் ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லையா?
– பெயர் வேண்டாம், பிரிக்பீல்ட்ஸ்

முதலில் பயத்தை விடுங்கள் தம்பி. குத்தகை முடிந்த பிறகுகூட, நீங்கள் இன்னும் உள்ளே இருந்தால், நீதிமன்ற ஆணை இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. 1950-ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு அப்படிச் சொல்கிறது. உங்களுக்கோ தவணையே முடியவில்லை. பூட்டுப் போட்டால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, போலீஸ் புகார் கொடுத்துவிட்டு, அன்றே வழக்கறிஞரிடம் போங்கள்.

இனிக் கசப்பான பக்கம். மூன்று வருடத்துக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தத்தை நில அலுவலகத்தில் பதிவு செய்யத் தேவையில்லை. தேசிய நிலச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு அது. பதிவு வேண்டாம் என்பதைக் கேட்டதும் நம் கடைக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் அதே சட்டத்தில், அந்த ஒப்பந்தத்தை நிலப்பட்டாவில் ஒரு குறிப்பாக ஏற்றிவைக்கலாம் என்றும் இருக்கிறது. குறிப்பு ஏற்றியிருந்தால் கட்டடத்தை வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும். ஏற்றாவிட்டால், 'நான் போட்ட ஒப்பந்தம் இல்லையே' என்று புதியவர் வாதாட இடம் கிடைத்துவிடும். நம் தெருவில் இதைச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். முதலாளி முகம் கொடுத்துப் பேசுகிற நாளிலேயே கேட்டுச் செய்துகொள்ள வேண்டிய காரியம் இது.

உங்கள் நிலையில் மூன்றைப் பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் 'இருக்கும் வாடகையாளரோடு சேர்த்து' என்று எழுதியிருக்கிறதா என்று வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். புது முதலாளி உங்களிடம் ஒரு மாத வாடகையாவது வாங்கி ரசீது கொடுத்திருந்தால் அந்தக் காகிதத்தைத் தொலைக்காதீர்கள். உங்களை வாடகையாளராக ஏற்றுக்கொண்டார் என்று காட்ட அது உதவும். பழைய முதலாளி தவணைக்கு நடுவே கைவிட்டிருந்தால் நஷ்டஈடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கிறதா? முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. கட்டவில்லை என்றால் அபராதத்தோடு இப்போதும் கட்டலாம். நாளைக்கே போய்க் கட்டுங்கள்.

வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கோபத்தில் நிறுத்தினால் வழக்கு அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

அக்கா, கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் போடலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், செந்தூல்

போடலாம். மலாய் கட்டாயம், அதுதான் முந்தி நிற்க வேண்டும், எழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும். பலகையில் எழுதப்போகும் வாசகத்தை மலாய் மொழிக் கழகமான டேவான் பஹாசாவிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு மாநகர் மன்ற லைசென்ஸுக்கு மனு செய்யுங்கள். பலகை அடிப்பவர் 'எல்லாம் நான் பார்த்துக்கறேன்' என்றால் நம்பிவிடாதீர்கள். லைசென்ஸும் அபராதமும் உங்கள் பெயரில்தான் வரும். தமிழைக் கைவிட்டுவிடாதீர்கள். ஒரு தெருவில் நாம் பிழைத்தோம் என்பதற்கு அந்த எழுத்தும் ஒரு சாட்சி.

பரோட்டாவும் சால்னாவும் விற்க ஆசை, அக்கா. நூ சென்ட்ரல் பேரங்காடியில் ஒரு சின்ன இடமா, தெருவில் ஒரு பாதிக் கடையா?
– இளைஞர், செராஸ்

தம்பி, பேரங்காடிகளில் நிலையான வாடகையோடு விற்பனையில் ஒரு பங்கும் கேட்பது வழக்கம். பராமரிப்புக் கட்டணம் தனி. கூட்டம் உண்டு, ஆனால் ரயிலைப் பிடிக்க ஓடுகிற கூட்டம். கல்லில் பரோட்டா புரட்டி அடித்துக் கொடுப்பதற்குள் அவர் போய்விடுவார். உங்கள் பண்டத்துக்குத் தெருதான் பொருத்தம், அதிலும் மாலை நேரம். சாப்பாட்டுக் கடைக்காரரோடு அரைக்கடை பகிர்ந்து ஆரம்பியுங்கள். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் கம்பெனி ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. டைபாய்டு ஊசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் உங்களுக்கும், கல்லில் நிற்கும் ஆளுக்கும் கட்டாயம்.

எங்கள் வரிசையில் ஒரு கடைவீடு விலைக்கு வருகிறது. நாங்கள் ஏழெட்டு வாடகைக் கடைக்காரர்கள் கூட்டுச் சீட்டு போட்டுப் பணம் சேர்த்து வாங்கிவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நடக்கிற காரியமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

அண்ணே, இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது உங்கள் கடிதம்தான். கடைவீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் விருப்பப்படிதான் தெரு மாறும். வாங்கப் பாருங்கள். ஆனால் மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் கூட்டுச் சீட்டு வேண்டவே வேண்டாம். 1971-ஆம் ஆண்டு கூட்டு நிதித் தடைச் சட்டத்தின்படி அதைத் தொழிலாக நடத்துவது குற்றம். பணம் எடுத்தவர் கம்பி நீட்டினால் சட்டத்தின் துணையும் கிடைக்காது. அப்படி ஏமாந்து கடையை மூடியவர்களின் கணக்கை நான் முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இதற்கு நம்மவர்களே வழி காட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளிகள் தெருவில் நிற்கக் கூடாதென்று அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். மறு வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் சங்கத்துக்குச் சொந்தமானது. எட்டுக் கடைக்காரர்களால் ஒரு கடைவீடு முடியாதா?

நீங்கள் ஏழெட்டுப் பேர்தான் என்பதால் கூட்டுறவுச் சங்கத்தைவிடத் தனியார் கம்பெனி சுலபம். ஒரு சென்டிரியான் பெர்ஹாட்டில் 50 பேர் வரை பங்குதாரராக இருக்கலாம். கட்டடம் கம்பெனி பெயரில், வங்கிக் கடன் கம்பெனி பெயரில். ஆனால் வங்கி இயக்குநர்களிடம் சொந்த உத்தரவாதமும் கேட்கும், அதை வீட்டில் கலந்து பேசி முடிவெடுங்கள். ஒருவர் விலகினால் அவர் பங்கை வெளியாளுக்கு விற்பதற்கு முன் மற்றவர்களிடம் கேட்க வேண்டும், விலை எப்படி நிர்ணயிப்பது, தரைத்தளக் கடை யாருக்கு, யார் வாடகை தவறினால் என்ன செய்வது – இத்தனையும் பங்குதாரர் உடன்படிக்கையில் எழுத்தில் இருக்கட்டும். சண்டை வருவது எப்போதும் தரைத்தளத்தில்தான், அதை முதலில் பேசி முடியுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பாருங்கள்: சொந்தநிலமா, குத்தகை நிலமா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருடம், வங்கி அடமானமோ தடைமனுவோ ஏறியிருக்கிறதா என்று. மாடியில் குடியிருக்க ஆள் வைக்க மாநகர் மன்றம் அனுமதிக்குமா என்றும் சேர்த்தே கேளுங்கள். அனுமதித்தால் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுங்கள். தேடல் தாள் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், அடுத்த இதழுக்குள் பார்த்துச் சொல்கிறேன்.