புல்டோக்ஸுக்கு வந்திருக்கும் புதுப் பொடியன்

தம்பி, உங்கள் வீடு மெல்பேர்ணின் மேற்கே டார்னீற்றில். வேலையிடத்தில் எல்லோரும் ஃபுட்டி என்கிற அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் வெஸ்டேர்ன் புல்டோக்ஸ் கிளப்பின் ஆதரவாளர்கள். டிராஃப்டில் எடுத்த புதுப் பொடியனைப் பற்றியே நாள் முழுக்கக் கதைக்கிறார்கள், அதில் எப்படிச் சேர்வது என்று கேட்டிருந்தீர்கள். கூடவே வாடகை, லைசன்ஸ், தமிழ்ப் பள்ளிக்கூடம் என்றும் ஒரு பட்டியல். அவற்றுக்குப் பதில் சொல்ல மெல்பேர்ணில் ஆளுக்குக் குறைவில்லை. ஃபுட்டியை மட்டும் நான் சொல்கிறேன், அதைச் சொல்ல எங்கள் சனத்தில் ஆள் இல்லை.

டிராஃப்ட் என்றால் கிளப்புகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரரைத் தெரிவுசெய்வது, நவம்பர் பிற்பகுதியில் நடக்கும். போன சீசனில் கடைசியாக வந்த கிளப்புக்கு முதல் தெரிவு. எடுபடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வரும் 18 வயதுப் பிள்ளைகள். எந்தக் கிளப் வேண்டும் என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. பேர்த்தில் வளர்ந்தவன் சில நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மெல்பேர்ண் வர வேண்டும், கிளப் அவனை ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கவைக்கும். தகப்பன் அதே கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் மகன் அங்கேயே வரத் தனி வழி உண்டு. புல்டோக்ஸின் டொம் லிபரட்டோரே அப்படித்தான் வந்தார். சாம் டார்சிக்குத் தகப்பன் லூக், தகப்பனின் தகப்பன் டேவிட் இரண்டு பேருமே இந்தக் கிளப்பின் ஆட்டக்காரர்கள்.

முதல் எச்சரிக்கை: முதல் வருடத்தில் அந்தப் பொடியனிடம் ஒன்றும் எதிர்பாராதீர்கள். வேலையிடத்தில் எவ்வளவு பெரிதாகக் கதைத்தாலும் நீங்கள் தலையை மட்டும் ஆட்டுங்கள். 18 வயது உடம்பு, எதிரே பத்து வருடம் எடை தூக்கிய ஆட்கள். நடுக்களத்தில் ஓடுகிறவன் ஒரு ஆட்டத்தில் 12, 13 கிலோமீற்றர் ஓடுவான். சுமையைச் சட்டென்று கூட்டினால் முதுகெலும்பிலும் கணுக்கால் எலும்பிலும் சிறு வெடிப்பு விழலாம், அதனால் முதல் கோடைப் பயிற்சியில் கிளப்பே அவனை அரைவாசியில் நிறுத்தி ஓரமாகச் சைக்கிள் மிதிக்க விடும். அதைக் கண்டு ‘காயக்காரனை எடுத்துவிட்டார்கள்’ என்று புலம்புகிறவர்கள் விஷயம் தெரியாதவர்கள். நெட்டையர்களுக்கு இன்னும் கூடுதல் காலம் வேண்டும். சாம் டார்சி 2021 டிராஃப்டில் இரண்டாவது தெரிவு, 2024இல்தான் ஊர் அவரை உண்மையில் பார்த்தது. பொறுமை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மெல்பேர்ண் கிளப்பின் ஜக் வொட்ஸ் போதும். 2008இன் முதல் தெரிவு. 2009இல், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே, மகாராணி பிறந்தநாள் ஆட்டத்தில் கொலிங்வூட் கிளப்புக்கு எதிராக இறக்கினார்கள். முதல் தெரிவு என்ற பாரம் பிறகு வருடக்கணக்காக அவர் முதுகில் கிடந்தது.

எங்கள் கிளப்பும் யோக்கியம் இல்லை. 2014 கடைசியில் 19 வயது டொம் பொய்டை ஏழு வருட ஒப்பந்தத்தில், ஏறக்குறைய 70 லட்சம் டொலர் என்று பத்திரிகைகள் எழுதிய தொகைக்கு எடுத்தார்கள். கோல் அடிக்காத ஒவ்வொரு வாரமும் சனம் அந்தக் காசைக் கணக்குப் பார்த்தது. 2016 இறுதியாட்டத்தில் வெகு தூரத்திலிருந்து அவர் அடித்த கோலைத்தான் இன்று எல்லோரும் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். மனநலப் போராட்டத்தை வெளிப்படையாகச் சொல்லி, 2019இல் 23 வயதில் அவர் விலகியதை யாரும் கதைப்பதில்லை.

சரி, செய்ய வேண்டியது. பொடியனுடைய இலக்கத்தோடு ஜம்பர், அதாவது ஆட்டச் சட்டை, இப்போதே வாங்காதீர்கள். புதியவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சிய பெரிய இலக்கம்தான் கிடைக்கும், நன்றாக ஆடினால் ஒன்றிரண்டு வருடத்தில் மாற்றிக்கொள்வார்கள். முதுகு வெறுமையாக வாங்கி, பிறகு இலக்கத்தை ஒட்டலாம். கோடையில் பொதுமக்களுக்குத் திறந்த பயிற்சி நாட்கள் கிளப்பின் மைதானமான விட்டன் ஓவலில் இருக்கும், நாளைக் கிளப் அறிவிக்கும். ரயிலில் வந்தால் ஃபுட்ஸ்கிரேயில் இறங்கி மாறி, வெஸ்ட் ஃபுட்ஸ்கிரே நிலையத்திலிருந்து நடக்கலாம். கையெழுத்து வேண்டுமென்றால் அழியாத மார்க்கர் நீங்களே கொண்டுபோங்கள், பயிற்சி முடிந்து வேலியருகே வரும்போது மட்டும் கேளுங்கள்.

சீசன் தொடங்கியதும் அவன் பெரும்பாலும் அடுத்த தரப் போட்டியான வீஎஃப்எல்லில், கிளப்பின் பழைய பெயரான ஃபுட்ஸ்கிரே பெயரில் ஆடுவான். அதைப் போய்ப் பாருங்கள், சட்டங்கள் பிடிபட அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. 15 மீற்றருக்குக் குறையாமல் உதைத்த பந்தைப் பிடித்தால் மார்க், பிடித்தவனை இடைஞ்சல் இல்லாமல் உதைக்க விடுவார்கள். கையால் எறியக்கூடாது, குத்த வேண்டும். ஓடினால் 15 மீற்றருக்குள் ஒரு தடவை தரையில் தட்ட வேண்டும். நடுக் கம்பங்களுக்குள் போனால் 6, பக்கத்தில் போனால் 1.

முதல் பெரிய ஆட்டத்துக்கு அவன் பெயர் வந்துவிட்டால் அந்த ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள். ஜம்பரை அவன் குடும்பத்தாரோ பழைய வீரரோ கையில் கொடுப்பார்கள். முதல் தொடுகைக்கு மைதானமே சத்தம் போடும். முதல் கோல் அடித்தால் பின்வரிசைக்காரன்கூட ஓடிவந்து கட்டிப்பிடிப்பான். வென்றால் உடைமாற்றும் அறையில் அவனை நடுவில் நிறுத்திப் பாட்டுப் பாடி, போத்தல் தண்ணீரையெல்லாம் தலையில் ஊற்றுவார்கள். பெரிய திரையில் காட்டுவார்கள், சைரன் கேட்டதும் ஓடாமல் இருங்கள்.

இங்கே எதிரணிக்காரன் உங்கள் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பான், சண்டை வராது. பந்தோடு அகப்பட்டவனைப் பார்த்து ‘போல்!’ (பந்து) என்று நீட்டிக் கத்தலாம். கூட்டத்தோடு சேர்ந்து ஒரு ஆளை ஊளையிடாதீர்கள். சிட்னி அணியின் ஆதிக்குடி ஆட்டக்காரர் அடம் கூட்ஸை 2015இல் அப்படித்தான் விரட்டினார்கள், லீக்கும் 18 கிளப்பும் மன்னிப்புக் கேட்க 2019 ஆனது. பந்தைத் தவறவிட்ட பொடியனுக்கு இன்ஸ்டகிராமில் வசை அனுப்புகிறவர்களில் பந்தயத்தில் காசு தோற்றவர்களும் உண்டு. யார் வெல்வார் என்று வாராவாரம் ஊகிக்கிற அலுவலக ‘டிப்பிங்’ போட்டி வேறு, அதில் சேருங்கள். பந்தய ஆப் பக்கம் போகாதீர்கள். எங்கள் ஆட்களில் கனபேர் அதில் தாழ்ந்துபோனார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்.

எங்கள் சனத்தில் இரண்டு வகை. இருபது வருடம் இருந்தும் ‘இது பந்துமில்லை, சண்டையுமில்லை’ என்று சிரித்துவிட்டு கிரிக்கெட்டுக்கு மட்டும் எம்சிஜி மைதானம் போகிறவர்கள் ஒன்று. வருடாவருடம் புள்ளிப் பட்டியலில் மேலே நிற்கிற அணிக்குத் தாவுகிறவர்கள் மற்றது. இரண்டாவது வகையை இந்த ஊர்க்காரன் மன்னிக்கவே மாட்டான். காரணம் 1989. இந்தக் கிளப்பை ஃபிட்ஸ்ரோய் கிளப்போடு சேர்த்து மூடப் பார்த்தார்கள். மேற்குப் புறத்துச் சனம் தெருத்தெருவாகத் உண்டியல் தகரம் குலுக்கி, சில வாரத்தில் 15 லட்சம் டொலருக்கு மேல் சேர்த்து மீட்டது. அப்போது பெயர் ஃபுட்ஸ்கிரே, ஆட்டங்கள் விட்டன் ஓவலிலேயே நடந்தன. 1997க்குப் பிறகு அங்கே ஆண்களின் பெரிய ஆட்டம் இல்லை. 1954க்குப் பிறகு அடுத்த கிண்ணம் 2016இல்தான். அந்த 62 வருடமும் அணி மாறாமல் இருந்தவர்கள்தான் உங்கள் வேலையிடத்துக் கிழவர்கள்.

அங்கத்துவம் எடுங்கள். முதலில் சில ஆட்டங்களுக்கு மட்டுமானது போதும், ஆனால் அதில் வாக்குரிமை உண்டா, பலராட் நகரத்தில் வைக்கும் ஆட்டங்கள் அடங்குமா என்று பார்த்து எடுங்கள். கிளப்பின் ஆட்டங்கள் நடக்கும் மார்வெல் மைதானத்துக்கு டார்னீற் ரயில் சதர்ன் குரோஸ் வரை வரும், பாலத்தால் நடந்தால் வாசல். இரவு ஆட்டமென்றால் திரும்பும் ரயிலைப் பார்த்துவிட்டுப் போங்கள், சில வார இறுதிகளில் ரயிலுக்குப் பதில் பஸ்தான் ஓடும்.