தடையாணையும் 24ஆவது வாரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் டெக்சாஸில் வசிப்பவன். கருக்கலைப்பைப் பற்றி இங்கே நண்பர்களிடம் வாய்திறக்கவே தயக்கமாக இருக்கிறது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் விவாதித்து நிறைவேற்றி, ஆளுநர் கையெழுத்திட்ட சட்டத்தை, யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத ஒரு கூட்டாட்சி நீதிபதி ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார். இது ஜனநாயகமா? அதிலும் ஆறு மாதக் கருவைக் கலைக்கக்கூடாது என்று சொல்லும் சட்டம் என்றால்? என் மகள் 27ஆவது வாரத்தில் பிறந்தவள். அவளை இன்குபேட்டரில் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, அந்த வயதுக் கருவைக் கலைக்கலாம் என்பவர்களைப் புரிந்துகொள்ள முடியவில்லை. நீதிபதியின் நாற்காலியில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. ஆறு மாதக் கருவைக் கலைப்பது சரியா என்பது ஒன்று. சட்டத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் நீதிபதிக்கு வேண்டுமா என்பது இன்னொன்று. அமெரிக்காவில் இரு தரப்பினருமே முதல் கேள்விக்குத் தங்களிடம் உள்ள விடையைக் கொண்டுதான் இரண்டாவதைத் தீர்க்கிறார்கள். 2018 மார்ச்சில் 15 வாரத்துக்குப் பிந்தைய கருக்கலைப்பைத் தடைசெய்த மிசிசிப்பி மாநிலச் சட்டத்தை நீதிபதி கார்ல்டன் ரீவ்ஸ் மறுநாளே நிறுத்தியபோது, உங்களைப் போல் கொதித்தவர்கள் ஏராளம். 2023 ஏப்ரல் 7 அன்று உங்கள் டெக்சாஸின் அமரில்லோ நகரில் நீதிபதி மேத்யூ காஸ்மரிக், 2000ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருந்த மிஃபெப்ரிஸ்டோன் என்ற கருக்கலைப்பு மாத்திரையின் அனுமதியை நாடு முழுவதற்குமாக நிறுத்திவைக்க உத்தரவிட்டார். அவரும் யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத ஒற்றை நீதிபதிதான். அன்று கொண்டாடியவர்களும் கொதித்தவர்களும் இடம் மாறியிருந்தார்கள். (வழக்குத் தொடர்ந்த மருத்துவர்களுக்கு வழக்காடும் தகுதியே இல்லை என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லி முடித்தது.) எனவே இந்த அதிகாரம் ஒரு கட்சியின் சொத்து என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுவோம்.

ஒரு சட்டத்துக்கு நீதிபதி விதிக்கும் இடைக்காலத் தடை எதற்காக? சட்டம் செல்லுமா செல்லாதா என்று விசாரித்து முடிக்க ஆண்டுகள் ஆகும். அதற்குள் திருப்பிச் சரிசெய்யவே முடியாத கேடு யாருக்காவது நேருமா என்பதே நீதிபதி கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி. வரி தொடர்பான சட்டமென்றால் வசூலித்த பணத்தைத் திருப்பித் தரலாம். கர்ப்பம் வழக்கு முடியும்வரை காத்திருக்காது. ரீவ்ஸ் நிறுத்திய அந்தச் சட்டம் கையெழுத்தான மறுநாள் பிற்பகலிலேயே, 15 வாரத்தை எட்டிய ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை குறித்திருப்பதாக அந்த மாநிலத்தின் ஒரே கருக்கலைப்பு மருத்துவமனை நீதிமன்றத்தில் சொன்னது. அவருக்கு மூன்று ஆண்டு கழித்து வரும் தீர்ப்பால் என்ன பயன்?

அந்த இடைக்காலத் தடை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் மாநிலமே சாட்சி. 2013இல் டெக்சாஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கருக்கலைப்பு செய்யும் மருத்துவர், 30 மைல் தொலைவுக்குள் இருக்கும் ஏதாவதொரு மருத்துவமனையில் நோயாளியை அனுமதிக்கும் உரிமை பெற்றிருக்கவேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. நீதிபதி லீ யீக்கல் அதை நிறுத்தினார். சில நாட்களுக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. உச்ச நீதிமன்றமும் 5-4 என்ற கணக்கில் தலையிட மறுத்தது. 40க்கும் மேல் இருந்த கருக்கலைப்பு மருத்துவமனைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. 2016இல் அதே உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்றது. ஆனால் மூடியவற்றில் பெரும்பாலானவை திரும்பத் திறக்கவில்லை. குத்தகை போய்விட்டது, ஊழியர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வழக்கில் வென்றும் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

உங்களுக்கு இன்னும் முக்கியமாகப் படவேண்டியது இது: அருகில் மருத்துவமனை இல்லாத பெண், பணமும் விடுப்பும் வண்டியும் தேடி அலைந்து, 9ஆவது வாரத்தில் செய்திருக்கக்கூடியதை 16ஆவது வாரத்தில் செய்கிறாள். கருவைக் காப்பதாகச் சொல்லும் சட்டமே நீங்கள் அஞ்சும் அந்தப் பிந்தைய வாரங்களுக்கு அவளைத் தள்ளுகிறது. வாரம் ஏற ஏறச் செலவும் ஏறும். அதைச் சேர்ப்பதற்குள் இன்னும் சில வாரம் போய்விடும்.

அதே சமயம், உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நெப்ராஸ்கா மாநிலம், கர்ப்பத்தின் பிற்பகுதியில் கையாளப்பட்ட ஒரு குறிப்பிட்ட கருக்கலைப்பு முறையைத் தடைசெய்திருந்தது. 2000இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதை ரத்து செய்தது. 2003இல் ஏறக்குறைய அதே தடையை நாடாளுமன்றம் நாடு முழுவதற்குமான சட்டமாக்கியது. அதிபர் புஷ் கையெழுத்திட்ட அன்றே நீதிபதி ரிச்சர்ட் கோப்ஃப் அதற்குத் தடை போட்டார். 2007இல் உச்ச நீதிமன்றம் அதே 5-4 கணக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்றது. நடுவில் அரசமைப்புச் சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் ஓய்வுபெற்று, அந்த இடத்துக்கு சாமுவேல் அலிட்டோ வந்திருந்தார், அவ்வளவுதான். ஒரு நாற்காலியில் ஆள் மாறியதும் உரிமை மாறுகிறதென்றால், அது சட்டம்தானா என்று நீங்கள் கேட்பதை என்னால் மறுக்க முடியாது.

ஆனால் அதற்கு மருந்து நீதிபதியின் கையைக் கட்டிவிடுவது என்று நான் நம்பவில்லை. கேன்சஸைப் பாருங்கள். 2019இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், தங்கள் மாநில அரசமைப்பே கருக்கலைப்பு உரிமையைக் காக்கிறது என்று சொல்லி ஒரு சட்டத்தின் மீதான இடைக்காலத் தடையை உறுதிசெய்தது. நீதிபதிகள் மக்களை மீறிவிட்டார்கள் என்று கூக்குரல் எழுந்தது. சரி, மக்களையே கேட்டார்கள். 2022 ஆகஸ்டில், அந்த உரிமை இல்லை என்று அரசமைப்பைத் திருத்தும் முன்மொழிவை, குடியரசுக் கட்சியின் கோட்டையான அந்த மாநிலத்தில் ஏறத்தாழ 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். சட்டமன்றம் சொல்வதும் மக்கள் நினைப்பதும் எப்போதும் ஒன்றல்ல.

இனி உங்கள் மகள். அவளைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளை நான் ஒதுக்கிவிட்டுப் போகமாட்டேன். கருவுக்கான மதிப்பு வளர்ந்துகொண்டே போகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆறாவது வாரத்தில் இருப்பதும் 27ஆவது வாரத்தில் இருப்பதும் ஒன்றே என்று இரு முனைகளிலிருந்தும் சொல்கிறார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. ஆரோக்கியமான தாயின் வயிற்றில் இருக்கும் ஆரோக்கியமான ஏழு மாதக் கருவை அழிப்பது அவளுடைய சொந்த விஷயம் மட்டுமே என்று என்னால் சொல்ல முடியாது. வலியைப் பற்றியும் உறுதியான பேச்சு ஆபத்தானது. 24 வாரத்துக்கு முன் கருவுக்கு வலி தெரியாது என்பதே அமெரிக்க, பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவச் சங்கங்களின் நிலை. ஆனால் 2020இல் கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் ஓர் ஆய்வாளரும் எதிர்க்கும் ஓர் ஆய்வாளரும் சேர்ந்து, அதற்கு முன்பே வலி இருக்கக்கூடும் என்று எழுதினார்கள். ஆதரவாளராக இருந்துகொண்டே அதை எழுதியவரின் நேர்மையை நான் மதிக்கிறேன்.

அமெரிக்காவில் 21 வாரமும் அதற்கு மேலும் ஆன கருக்கலைப்புகள் மொத்தத்தில் சுமார் ஒரு சதவீதம். அவை எல்லாமே கருவின் குறைபாட்டால் நேர்வன என்று ஆதரவாளர்கள் சிலர் சொல்வது உண்மையல்ல. தாமதமாகத் தெரிந்துகொண்டவர்களும், பணமோ இடமோ கிடைக்காமல் நாள் கடந்தவர்களும் அதில் உண்டு. அதே ஒரு சதவீதத்தில், 20ஆவது வாரத்தை ஒட்டி எடுக்கும் விரிவான ஸ்கேனில் கருவுக்கு மூளையோ சிறுநீரகமோ இல்லை என்று கேட்டு உறைந்துபோனவர்களும் உண்டு. பெயர்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டவர்கள்.

2023 டிசம்பரில் உங்கள் மாநிலத்தில் நடந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். இரண்டு குழந்தைகளின் தாய், 20 வாரக் கர்ப்பம், கருவுக்கு 18ஆவது குரோமோசோம் மூன்றாக இருக்கும் கொடிய குறைபாடு. மீண்டும் கருத்தரிக்கும் வாய்ப்பே போய்விடலாம் என்று அஞ்சி, கருக்கலைப்புக்கு அனுமதி கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார். ஆஸ்டினில் ஒரு நீதிபதி அனுமதித்தார். மறுநாளே டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, சில நாட்களில் ரத்தே செய்தது. டெக்சாஸின் தடைச் சட்டத்தில் உள்ள விதிவிலக்கைப் பெற, மருத்துவர் நல்லெண்ணத்தோடு நம்பினால் போதாது, நியாயமான மருத்துவ மதிப்பீடு வேண்டும் என்றது. தவறினால் அந்த மருத்துவருக்கு ஆயுள்வரை சிறை, குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம். இப்படி எழுதிய விதிவிலக்கை நம்பி எந்த மருத்துவர் கத்தியை எடுப்பார்? அந்தப் பெண் தீர்ப்புக்குக் காத்திராமல் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார்.

நான் என்ன செய்வேன் என்று கேட்டீர்கள். மிசிசிப்பியின் 15 வாரத் தடையை 2018இல் நானும் நிறுத்தியிருப்பேன். கரு வெளியே பிழைக்கும் நிலையை அடையும் முன் தடைசெய்யக் கூடாது என்று 1973லிருந்து இருந்த, 1992இல் உறுதியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கீழ் நீதிபதியைக் கட்டுப்படுத்தியது. 2022இல் அதை ரத்து செய்தது உச்ச நீதிமன்றம், அது அவர்களுடைய அதிகாரம். டெக்சாஸின் 2013 சட்டத்தை, ஒரு மருத்துவமனைகூட மூடும் முன்பே நிறுத்தியிருப்பேன். 24 வாரத்துக்குப் பிந்தைய கருக்கலைப்பைத் தடைசெய்யும் சட்டம் என் முன் வந்தால் அதை நிறுத்தமாட்டேன், கே. அப்படித் தடைசெய்ய 1973 தீர்ப்பே இடம் கொடுத்திருந்தது, தாயின் உயிரும் உடல்நலமும் காக்கப்படும் என்ற நிபந்தனையோடு. உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு தகும். ஆனால் பிழைக்கவே முடியாத கருவைச் சுமப்பவளையும், உயிருக்கு ஆபத்தில் இருப்பவளையும் அதே சட்டத்தைக் காட்டி மருத்துவர் திருப்பி அனுப்பினால், அவர்களைப் பொறுத்தமட்டில் மட்டும் அதை நிறுத்துவேன். அன்று மாலைக்குள்.