வாடகைக்கு விட்டாச்சு, மார்ட்கேஜ மட்டும் மாத்தலையா? லண்டன் பக்கத்து கேள்விகள் ஆறு

இந்த மாசம் வந்த கேள்விகள்ல முக்காவாசி ஒரே கதைதான். குடியிருக்க வாங்குன வீடு, வேலைக்காகவோ பிள்ளைங்க ஸ்கூலுக்காகவோ வேற ஊருக்கு போயாச்சு, பழைய வீட்ட விக்க மனசில்ல, வாடகைக்கு விட்டாச்சு. மார்ட்கேஜ் மட்டும் அப்படியே கிடக்கு. நான் சொல்றது இங்கிலாந்து நிலவரம், ஸ்காட்லாந்து வேல்ஸ்ல வாடகை சட்டம் வேற.

அண்ணை, ஹாரோவில இருக்கிற ஃபிளாட்டை போன வருசம் வாடகைக்கு குடுத்திட்டு நாங்கள் வேலைக்காக மில்டன் கீன்ஸ் வந்திட்டம். பாங்குக்கு இன்னும் சொல்லேல்லை. மாசாமாசம் காசு ஒழுங்காத்தான் போகுது. இப்ப சொன்னா பிரச்சினை வருமோ?

சொல்லாம விட்டாதாங்க பெரிய பிரச்சினை. ரெசிடென்ஷியல் மார்ட்கேஜ்னா நீங்க அதுல குடியிருக்கணும்ங்கறது ஒப்பந்தத்துலயே இருக்கு, அத மீறினா முழுக் கடனையும் கட்டுன்னு கேக்கற உரிமை லெண்டருக்கு உண்டு. நீங்களா போய் சொன்னா பொதுவா அந்த அளவுக்கு போக மாட்டாங்க, ஒரு ஃபீஸோ கொஞ்சம் கூடுதல் வட்டியோ போட்டு, அதே லோன்லயே வாடகைக்கு விட அனுமதி, அதாவது "கன்சென்ட் டு லெட்" குடுத்துடுவாங்க. ஃபிக்ஸ் (வட்டி மாறாத காலம்) முடிய இன்னும் நாள் இருந்தா இதுதான் முதல் வழி, ஏன்னா இப்பவே பை டு லெட்டுக்கு (வாடகைக்கு விடுற வீட்டுக்கான கடன்) மாத்தினா நடுவுல உடைச்சதுக்கான அபராதம் ஆயிரக்கணக்குல வரும்.

எனக்கு லெண்டர விட பயம் இன்சூரன்ஸ்தான். கிச்சன் சிங்க்குக்கு கீழ பைப் வெடிச்சு கீழ் ஃபிளாட் சீலிங் ஊறிப்போச்சுன்னு வைங்க, பாக்க வர்ற ஆள் கேக்குற முதல் கேள்வி "இங்க யாரு குடியிருக்கா?". லேண்ட்லார்ட் இன்சூரன்ஸ் இல்லன்னா க்ளெய்ம் நிக்கறது கஷ்டம். அப்புறம் ஃபிளாட்ங்கறதால லீஸ எடுத்து படிங்க, ஃப்ரீஹோல்டர் (கட்டட சொந்தக்காரர்) அனுமதி வேணும்னு பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். என்னோட ஃபிளாட்டுக்கு ஒரு மேனேஜிங் ஏஜென்ட் அந்த அனுமதிய ஒரே ஒரு பக்க கடுதாசில குடுத்துட்டு அதுக்கு ஒரு பில் போட்டாங்க பாருங்க, இன்னைக்கும் வயிறு எரியுது.

ஈஸ்ட் ஹாம்ல வீடு. 3,60,000 பவுண்ட் போகும், கடன் 2,40,000. வாடகை 1,500. ஃபிக்ஸ் முடியப்போகுது, கன்சென்ட்ட இனி நீட்டிக்க மாட்டோம்னு லெண்டர் சொல்லிட்டாங்க. என் சம்பளம் நல்லா இருக்கே, பை டு லெட் ஈசியா கிடைச்சிடும்ல?

இங்கதான் எல்லாரும் தப்புக்கணக்கு போடுறாங்க. ரெசிடென்ஷியல்ல உங்க சம்பளத்த பாத்து கடன், பை டு லெட்ல முக்கியமா வீட்டு வாடகைய பாத்து கடன். வீட்டு மதிப்புல 75% வரைக்கும் சாதாரணமா குடுப்பாங்க, உங்களுது 67% கிட்டதான் வருது, அதுல பிரச்சினை இல்ல. இடிக்கிறது வாடகைக் கணக்கு. 2017லேர்ந்து லெண்டர்கள் பொதுவா 5.5% வட்டி வச்சு பாத்து, பேசிக் ரேட் (20%) வரி கட்டுறவங்களுக்கு வட்டிய போல 125%, 40% கட்டுறவங்களுக்கு 145% வாடகை வரணும்னு எதிர்பாக்குறாங்க. உங்க கடனுக்கு 5.5%ன்னா வருஷத்துக்கு 13,200 வட்டி, அதுல 145% போட்டா மாசம் 1,595 வாடகை வேணும். நீங்க 95 பவுண்ட் பின்னாடி நிக்கறீங்க. சம்பளம் நல்லாருக்குன்னு பெருமையா சொன்னீங்க பாத்தீங்களா, அதனாலயே 145%ல மாட்டுறீங்க!

வழி இருக்கு. 5 வருஷ ஃபிக்ஸ் எடுத்தா அந்த 5.5% கட்டாயம் கிடையாது, நிறைய பேர் நீங்க கட்டப்போற வட்டி பக்கத்துலயே கணக்கு பாப்பாங்க. 5%ல பாத்தா 1,450 போதும், நீங்க பாஸ். இல்லன்னா சுமார் 14,500 கட்டி கடன குறைச்சா 5.5%லயே தேறிடும். வாடகை பத்தலன்னா மிச்சத்துக்கு சம்பளத்த கணக்குல எடுக்குற லெண்டர்களும் இருக்காங்க. இன்னொன்னு, வாடகை எவ்வளவு வரும்னு சர்வேயர் சொல்றதையும் பாப்பாங்க. தெரிஞ்ச பையனாச்சேன்னு குறைச்சு விட்டிருந்தீங்கன்னா அத முதல்லயே ப்ரோக்கர்கிட்ட சொல்லிடுங்க.

என் தம்பி குடும்பம்தான் அந்த வீட்ல இருக்கு, வாடகை தர்றான். இதுக்கும் அதே லோன்தானே?

இல்லங்க. வீட்ல 40%க்கு மேல நீங்களோ நெருங்கின சொந்தமோ குடியிருந்தா அது ரெகுலேட்டட், அதாவது குடியிருக்கற வீட்டுக் கடன் மாதிரி கட்டுப்பாடு உள்ள கணக்குல வந்துடும், குடுக்குற லெண்டர்கள் கொஞ்சம் பேர்தான், உங்க சம்பளத்தையும் குடைவாங்க. ஃபார்ம்ல "நண்பர்"னு எழுதிடலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க, இனிஷியல்ல அப்பா பேரு இருக்கு, பிடிபடறதுக்கு ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட் போதும்.

வாடகை வாங்கி அப்படியே பேங்க்குக்கு கட்டிடறேன், கையில ஒண்ணும் நிக்கல. இதுக்கு டேக்ஸ் எதுக்கு?

எனக்கும் கோவம் வர்ற இடம் இது. 2017லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு 2020 ஏப்ரலோட முழுசா எடுத்துட்டாங்க, மார்ட்கேஜ் வட்டிய செலவா கழிக்க முடியாது, அதுல 20% மட்டும் வரியில தள்ளுபடி. உதாரணம்: வருஷ வாடகை 18,000, வட்டி 12,000, ஏஜென்ட் ரிப்பேர் இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து 2,000. கையில நிக்கிறது 4,000. ஆனா டேக்ஸ் கணக்குல லாபம் 16,000, நீங்க 40% கட்டுறவர்னா 6,400, அதுல வட்டிக்கான 2,400 தள்ளுபடி போக 4,000. அதாவது சம்பாதிச்சதெல்லாம் சரியா அப்படியே போச்சு. 2025 நவம்பர் பட்ஜெட்ல அறிவிச்சபடி 2027 ஏப்ரல்லேர்ந்து வாடகை வருமானத்துக்கு ரேட் 22, 42, 47ன்னு ஏறுது, தள்ளுபடி 22% ஆகுது, அப்ப இதே கணக்கு 4,080. கைக்காசு 80 பவுண்ட் போட்டு வீட்ட வாடகைக்கு விடுவீங்க. இதோட கடன் அசலையும் அடைக்கிறீங்கன்னா அந்தப் பணமும் சம்பளத்துலேர்ந்துதான் வரணும், அதனாலதான் பை டு லெட்ல நிறைய பேர் வட்டி மட்டும் கட்டுற டைப்ப எடுக்குறாங்க.

வீட்டுக்காரம்மாக்கு வருமானம் கம்மின்னா அவங்க பேருக்கு பங்கு மாத்தறத பத்தி அக்கவுன்டன்ட்ட பேசுங்க. தம்பதி பேர்ல இருக்குற வீட்டு வாடகை பாதி பாதின்னுதான் எச்எம்ஆர்சி (வரித்துறை) எடுத்துக்கும், உரிமைய நிஜமாவே வேற விகிதத்துல மாத்தி ஃபார்ம் 17 போட்டாதான் மாறும், சும்மா வாயால சொன்னா செல்லாது. கம்பெனி ஆரம்பிச்சு அதுக்குள்ள போட்டுடலாமான்னு அடுத்து கேப்பீங்க. உங்க வீட்ட நீங்களே உங்க கம்பெனிக்கு வித்த கணக்கு, ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கறதுக்கான வரி) வரும், கேபிட்டல் கெயின்ஸும் (வித்த லாபத்துக்கு வரி) வரலாம். ஒத்த வீட்டுக்கு பெரும்பாலும் வேலைக்காகாது.

பழைய வீட்ட பை டு லெட் ஆக்கி, அதுலேர்ந்து பணம் எடுத்து 5,00,000க்கு புது வீடு வாங்கப்போறோம். ஏதாவது கவனிக்கணுமா?

ஸ்டாம்ப் டியூட்டிய கவனிக்கணும். ரீமார்ட்கேஜுக்கு அது கிடையாது, புது வீட்டுக்குத்தான் அடி. பழசு கையில இருக்குறதால கூடுதல் 5%, இது 2024 அக்டோபர் 31லேர்ந்து இருக்குற ரேட். சாதாரணமா 15,000 வர வேண்டியது உங்களுக்கு 40,000. குடியிருந்த பழைய வீட்ட 3 வருஷத்துக்குள்ள வித்தா அந்த 25,000 திரும்பக் கேக்கலாம். ஆக, வச்சிருக்கப்போறீங்களா விக்கப்போறீங்களான்னு இப்பவே வீட்ல உக்காந்து பேசிடுங்க.

ரெண்டு வருஷத்துல நாங்களே திரும்பி அந்த வீட்டுக்கு போயிடுவோம். டெனன்ட்ட ரெண்டு மாச நோட்டீஸ்ல காலி பண்ணச் சொல்லலாம்ல?

அந்தக் காலம் போச்சு. காரணம் சொல்லாம காலி பண்ணச் சொல்ற செக்ஷன் 21 நோட்டீஸ் 2026 மே 1லேர்ந்து கிடையாது. நாங்களே குடி வரோம்னு காரணம் சொல்லி கேக்கலாம், ஆனா டெனன்சி ஆரம்பிச்சு முதல் 12 மாசத்துக்குள்ள அவங்கள வெளியேத்த முடியாது, நோட்டீஸ் 4 மாசம் குடுக்கணும், அப்படி வாங்கிட்டு மனசு மாறி 12 மாசத்துக்குள்ள வேற ஆளுக்கு விடவும் கூடாது. பை டு லெட் மார்ட்கேஜ்ல நீங்க குடியேறவும் முடியாது, மறுபடி ரெசிடென்ஷியலுக்கு மாத்தணும். அதனால உங்களுக்கு என் ஓட்டு கன்சென்ட் டு லெட்டுக்குத்தான். அது கிடைக்கலன்னா 2 வருஷ ஃபிக்ஸ் எடுங்க, 5 வருஷம் பக்கம் போகாதீங்க.