வெப்கேம் படம் ஏன் திக்குகிறது?

கேள்வி: உபுண்டு லினக்ஸில் ஓபிஎஸ் என்ற வீடியோ பதிவு மென்பொருள் மூலம் பாடம் பதிவு செய்கிறேன். 720பி வெப்கேம் விநாடிக்கு 10 ஃபிரேம்தான் தருகிறது. டிரைவர் தேட வேண்டுமா?

பதில்: வேண்டாம். படம் வருகிறதென்றால் லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள யுவிசி டிரைவர் (யுஎஸ்பி கேமராக்களுக்கான பொது டிரைவர்) சரியாகவே வேலை செய்கிறது. சிக்கல், கேமரா படத்தை அனுப்பும் ஃபார்மட்டில். அது பெரும்பாலும் ஒய்யுஒய்வி, அதாவது சுருக்கப்படாத படம். 1280×720 அளவில் ஒரு ஃபிரேம் சுமார் 1.8 எம்பி, 30 ஃபிரேமுக்கு விநாடிக்கு 55 எம்பி தேவை. யுஎஸ்பி 2.0 இணைப்பில் இவ்வகைக் கேமராவுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 24 எம்பிதான். அதனால் கேமராவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

ஓபிஎஸ்ஸில் அந்த வீடியோ சோர்ஸின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, வீடியோ ஃபார்மட்டை, ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்கி அனுப்பும் மோஷன் ஜேபெக் என்று மாற்றுங்கள். ரெசல்யூஷன் 1280×720, ஃபிரேம் ரேட் 30 என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். அதைத் தானியங்கியாக விட்டால் பழையபடி ஆகலாம்.

இதற்குப் பிறகும் 15 ஃபிரேமில் நின்றால் பெரும்பாலும் அறை வெளிச்சம் போதவில்லை. வெளிச்சத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ எக்ஸ்போஷர், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி வாங்கும் நேரத்தை நீட்டுகிறது. முகத்துக்கு எதிரே ஒரு விளக்கு வைப்பதே நல்ல தீர்வு. விளக்கொளியில் படத்தில் பட்டைகள் ஓடினால், பவர் லைன் ஃப்ரீக்வென்ஸியை 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். நம் மின்சாரம் அதுதான்.

பட்டியலில் ஒரே கேமரா இரண்டு முறை தெரிந்தால் பயப்படாதீர்கள். இரண்டாவது பெரும்பாலும் மெட்டாடேட்டாவுக்கானது (படத்தைப் பற்றிய கூடுதல் தகவல்), அதில் படம் வராது.