வட்டிக்காரரிடம் போன விசுவாசம்

கேள்வி: இருபது ஆண்டுகளாகச் சபையில் ஊழியம் செய்கிறேன். தினமும் அதிகாலையில் இரண்டு மணி நேரம் ஜெபம், வாரம் ஒருநாள் உபவாசம். மனிதர்களை நம்பாமல் கர்த்தரை மட்டுமே சார்ந்து வாழ்கிறேன். ஜார்ஜ் முல்லர்தான் எனக்கு முன்மாதிரி. போன வருடம் எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, நான் படிக்கவைத்து ஆளாக்கிய தம்பி பணத்தோடு வந்தான். ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று திருப்பி அனுப்பிவிட்டு, வெளியே வட்டிக்கு வாங்கிச் சமாளித்தேன். மனைவியின் சம்பளத்தில் பாதி இன்னும் அதற்குத்தான் போகிறது. இப்போது சில மாதங்களாக ஜெபத்தில் வறட்சி. தேவன் தூரமாகிவிட்டதுபோல் இருக்கிறது. என்னை இன்னும் தாழ்த்த வேண்டுமோ? மனத்தாழ்மைக்காக எப்படி ஜெபிப்பது?

பதில்: ஜெப வறட்சி என்று வரும் கடிதங்களுக்கு இந்தப் பகுதியில் குறைவே இல்லை. ‘எல்லா விசுவாசிகளுக்கும் வருவதுதான், சோர்ந்துபோகாதீர்கள்’ என்று நாலு வரி எழுதி உங்களை அனுப்பிவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. போகிற போக்கில் தம்பியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட்டு, நேராக வறட்சிக்குப் போய்விட்டீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன்.

தம்பியின் பணம் மனித உதவி, அதனால் வேண்டாம். சரி. வட்டிக்குக் கொடுத்தவர் யார், தேவதூதரா? அவரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது உங்கள் விசுவாசம் தடுக்கவில்லை. தம்பியிடம் வாங்கத்தான் தடுத்தது. ஏன் தெரியுமா? வட்டிக்காரரிடம் யாரும் நன்றிக்கடன் படுவதில்லை. மாதாமாதம் காசை எறிந்துவிட்டுத் தலை நிமிர்ந்து நடக்கலாம். தம்பியிடம் வாங்கியிருந்தால் வட்டி இருந்திருக்காது. ஆனால் அன்று முதல் நீங்கள் ‘கொடுத்த அண்ணன்’ மட்டுமல்ல, ‘வாங்கிய அண்ணன்’ என்றும் ஆகியிருப்பீர்கள். அந்தப் பேர் வேண்டாம் என்பதற்குத்தான் வட்டி கட்டுகிறீர்கள். அதையும் உங்கள் மனைவியின் சம்பளத்திலிருந்து! அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

முல்லரை இதில் இழுக்காதீர்கள். பிரிஸ்டலில் 1836 முதல் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய அந்த மனிதர், தேவை இன்னது என்று மனிதரிடம் போய்க் கேட்பதில்லை என்று உறுதியாக இருந்தார். அது உண்மை. ஆனால் பிள்ளைகளுக்கென்று மனிதர்கள் கொண்டுவந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டார். ரசீது கொடுத்தார், கணக்கை அறிக்கையாக அச்சிட்டார். கடன் வாங்குவதில்லை என்பது அவருடைய இன்னொரு தீர்மானம். நீங்களோ வந்த காணிக்கையைத் திருப்பிவிட்டுக் கடனை வாங்கியிருக்கிறீர்கள். அவர் செய்ததை அப்படியே தலைகீழாகச் செய்துவிட்டு அவரை முன்மாதிரி என்கிறீர்கள்.

கர்த்தரைச் சார்ந்திருந்தவர்களுக்குச் சாப்பாடு எந்த வழியாக வந்தது என்று கொஞ்சம் பாருங்கள். எலியாவுக்கு முதலில் காகம் கொண்டுவந்தது. ஆறு வற்றியதும், “உன்னைப் பராமரிக்கும்படி அங்கே இருக்கிற ஒரு விதவைக்குக் கட்டளையிட்டேன்” என்று கர்த்தர் அவரைச் சாறிபாத்துக்கு அனுப்பினார். கடைசிப் பிடி மாவை வைத்துக்கொண்டு சாகக் காத்திருந்த ஒருத்தியிடம், ‘எனக்கு முதலில் ஒரு அடை பண்ணிக் கொடு’ என்று கேட்க வேண்டியிருந்தது அந்தப் பெரிய தீர்க்கதரிசிக்கு! பவுல் கூடாரம் தைத்துச் சம்பாதித்தவர்தான், கொரிந்தியரிடம் வாங்கவும் மறுத்தார். ஆனால் மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர் தன் குறைவை நிறைவாக்கினார்கள் என்று அந்தக் கொரிந்தியருக்கே எழுதிய இரண்டாம் நிருபத்தில் சொல்கிறார். ஆண்டவரைக்கூடச் சில பெண்கள் தங்கள் ஆஸ்தியால் தாங்கினார்கள் என்று லூக்கா எட்டாம் அதிகாரம் சொல்கிறது. அவர் வாங்கிக்கொண்டார்.

உங்களுக்கு நெருக்கமானவர் பேதுரு. ஆண்டவர் சீஷர்களுடைய கால்களைக் கழுவிக்கொண்டு அவரிடமும் வந்தார். “நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது” என்றபோது, தான் பணிவாகப் பேசுகிறோம் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். “நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை” என்று பதில் வந்தது. பணிவுபோலத் தெரிந்த அந்த மறுப்பை ஆண்டவர் கொஞ்சமும் பாராட்டவில்லை. சொன்னதும் பேதுரு காலை நீட்டினார். ஒரு வருடமாகியும் நீங்கள் நீட்டவில்லை.

தம்பியின் பக்கத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் குடும்ப விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. பிள்ளைகள் முதலில் தங்கள் சொந்தக் குடும்பத்தைத் தேவபக்தியாய் விசாரித்து, பெற்றவர்கள் செய்த நன்மைக்குப் பதில் நன்மை செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம் சொல்கிறது. அவரை ஆளாக்கியவர் நீங்கள் என்றால் தகப்பன் ஸ்தானத்தில் இருக்கிறீர்கள். அந்த வசனத்துக்குக் கீழ்ப்படியத்தான் அவர் பணத்தோடு வந்தார். நீங்கள் கர்த்தருடைய பெயரைச் சொல்லியே அவரைத் தடுத்துவிட்டீர்கள். திரும்பிப் போகும்போது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! மூத்தவன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இளையவன் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் அது குடும்பமில்லை. ஒருவர் பெரியவராகவே இருப்பதற்கு மற்றவர்கள் செலுத்துகிற கப்பம்.

எப்படி ஜெபிப்பது என்று கேட்டீர்கள். இதற்கு ஜெபிக்க வேண்டாம். உங்கள் பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொன்னார் ஆண்டவர். போங்கள். போனில் பேசி முடிக்காதீர்கள். ‘நான் அன்று செய்தது தப்பு, உன் உதவி எனக்கு வேண்டும்’ என்று கேளுங்கள். வருத்தத்தை மட்டும் தெரிவித்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. கடனில் மீதி இருக்கிறது, அதை அடைக்க உதவி என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். அவர் இப்போது முடியாது என்று சொல்லலாம், பழைய கோபத்தில் ஏதாவது பேசவும் செய்யலாம். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள்; வசனத்தை எடுக்காதீர்கள். அப்புறம், இதைச் சாட்சியாகச் சபையில் சொல்கிற ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம்.

போகும்போது மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். இன்னும் எவ்வளவு பாக்கி என்பது அவருக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கும்.